டாஸ்பாக்ஸில் பழைய கேம்கள்: சத்தம் விட்டு விட்டு வருகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த பலருக்கு டேவ், பிரின்ஸ், வுல்ஃபென்ஸ்டைன், டூம் போன்றவைதான் முதல் கேம்கள். அந்தத் தலைமுறை இன்று தங்கள் பிள்ளைகளுக்கு அவற்றைக் காட்ட ஆசைப்படுகிறது. டாஸ்பாக்ஸைப் போட்டால் படம் வந்துவிடுகிறது. சத்தம்தான் திக்குகிறது. பாதிப் பேர் அங்கேயே வெறுத்துப்போய் விட்டுவிடுகிறார்கள். விட வேண்டியதே இல்லை, கிட்டத்தட்ட எல்லாத் திக்கலும் சரியாகக்கூடியது. தெரிந்தவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஒரு குறிப்பு: செட்டிங்குகளின் பெயர்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். ஃபைலில் அவை ஆங்கிலத்தில் இருக்கும். வாய்விட்டுப் படித்தால் எந்த வரி என்று தெரிந்துவிடும்.

டாஸ்பாக்ஸ் எதற்கு? கேமை நேரடியாக டபுள் கிளிக் செய்தால் ஓடாதா?

ஓடாது. இன்றைய 64 பிட் விண்டோஸில், விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸுக்கு எழுதிய 16 பிட் புரோகிராம்களை ஓட்டும் பகுதியே கிடையாது. டாஸ்பாக்ஸ் ஒரு பழைய கம்ப்யூட்டரை முழுக்க மென்பொருளாலேயே உருவாக்கிக் காட்டுகிறது. பழைய பிராசஸர், பழைய கிராஃபிக்ஸ் கார்டு, சவுண்ட் பிளாஸ்டர் கார்டு எல்லாம் அதற்குள் இருக்கின்றன. முதல் பதிப்பு 2002-இல் வந்தது. இப்போது பெரும்பாலோரிடம் இருப்பது 2019-இல் வந்த 0.74-3. இங்கே சொல்லும் எண்களும் அந்தப் பதிப்புக்கானவை.

சத்தம் ஏன் உடைகிறது? ஸ்பீக்கர் கோளாறா?

பாட்டும் யூடியூபும் ஒழுங்காகக் கேட்கிறது என்றால் ஸ்பீக்கரில் ஒன்றும் இல்லை. குறித்த நேரத்துக்குள் ஒரு வேலை முடியவில்லை என்பதுதான் பிரச்சினை. அந்த வேலை இரண்டு இடங்களில் தவறலாம். இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் சுலபம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சவுண்ட் பிளாஸ்டர் கார்டு சத்தத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வாங்கி இசைக்கும். ஒரு துண்டு முடிந்ததும் "அடுத்தது கொடு" என்று பிராசஸருக்கு ஒரு சைகை அனுப்பும். கேம் அடுத்த துண்டைத் தயார் செய்து கொடுக்க வேண்டும். டாஸ்பாக்ஸுக்குள் இருக்கும் போலிப் பிராசஸர் மெதுவாக ஓடினால் கேமால் அந்தத் துண்டை நேரத்துக்குக் கொடுக்க முடியாது. சத்தம் உடையும். இது முதல் இடம்.

இரண்டாவது இடம் உங்கள் நிஜக் கம்ப்யூட்டர். போலிப் பிராசஸரின் வேகத்தை டாஸ்பாக்ஸ் "சைக்கிள்ஸ்" என்ற எண்ணால் அளக்கிறது. ஒரு மில்லிசெகண்டில் எத்தனை கட்டளைகளை நிறைவேற்ற வேண்டும் என்பதே அந்த எண். 3000 என்றால் ஒரு செகண்டுக்கு 30 லட்சம் கட்டளைகள். இதை ஒரேயடியாக ஏற்றிவிட்டால் நிஜப் பிராசஸர் மூச்சு வாங்கும். ஒரு மில்லிசெகண்டுக்குள் முடிய வேண்டியது முடியாது. டாஸ்பாக்ஸிடமிருந்து விண்டோஸுக்குப் போக வேண்டிய சத்தம் தாமதமாகும். அப்போதும் உடையும்.

சைக்கிள்ஸ் குறைந்தாலும் திக்கும், அளவுக்கு மீறி ஏறினாலும் திக்கும். காதுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதால்தான் ஆட்கள் குழம்புகிறார்கள். ஒருவர் "ஏற்று, சரியாகிவிடும்" என்பார், இன்னொருவர் "இறக்கு" என்பார். அவரவர் கம்ப்யூட்டரில் அவரவர் சொன்னது சரிதான்.

அப்படியானால் என் கம்ப்யூட்டரில் எந்தப் பக்கம் தவறு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எந்த ஃபைலையும் திறக்காமலே கண்டுபிடிக்கலாம். கேமை ஓட்டி, சத்தம் திக்கும் இடத்துக்குப் போங்கள். கண்ட்ரோல் பட்டனை அழுத்திக்கொண்டு எஃப் 12-ஐத் தட்டினால் சைக்கிள்ஸ் ஏறும். கண்ட்ரோலுடன் எஃப் 11-ஐத் தட்டினால் இறங்கும். ஜன்னலின் மேல்பட்டையில் எண் மாறுவது தெரியும் (முழுத்திரையில் இருந்தால் ஆல்ட்டும் என்டரும் சேர்த்து அழுத்திச் சின்ன ஜன்னலுக்கு வாருங்கள்). செட்டிங்கை நீங்கள் மாற்றாமல் இருந்தால் ஒரு தட்டுக்கு ஏற்றம் 10 சதவீதம், இறக்கம் 20 சதவீதம்.

இரண்டு மூன்று தட்டு ஏற்றிக் கேளுங்கள். சத்தம் தெளிந்தால் உங்களுக்கு சைக்கிள்ஸ் போதவில்லை. இன்னும் மோசமானால் இறக்கிப் பாருங்கள். இறக்கும்போது தெளிந்தால் நிஜக் கம்ப்யூட்டரால் தாங்க முடியவில்லை என்று அர்த்தம்.

உறுதிப்படுத்த டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். இன்றைய பிராசஸருக்குள் கோர் என்று பல தனித்தனிப் பகுதிகள் உண்டு, டாஸ்பாக்ஸ் தன் போலிப் பிராசஸரை அதில் ஒரே ஒரு கோரில்தான் ஓட்டும். அதனால் நான்கு கோர் இருக்கும் கம்ப்யூட்டரில் அது 25 சதவீதம் காட்டினாலே அந்த ஒரு கோர் முழுக்க நிரம்பிவிட்டது என்று பொருள். "25 தானே, இன்னும் முக்கால்வாசி சும்மா இருக்கிறதே" என்று நினைத்து மேலும் ஏற்றுபவர்கள் நிறைய. மீதி மூன்று கோரும் இந்த வேலைக்கு உதவாது.

ஏற்றினாலும் இறக்கினாலும் ஒரு மாற்றமும் இல்லை என்றால் மட்டும் சவுண்ட் கார்டு செட்டிங், மிக்சர் (டாஸ்பாக்ஸில் சத்தங்களைச் சேர்த்து விண்டோஸுக்கு அனுப்பும் பகுதி), ப்ளூடூத் பக்கம் போகலாம். இந்த வரிசையை மாற்றாதீர்கள். முதல் வேலையாக மிக்சரில் கை வைப்பவர்கள்தான் ஒரு வாரம் அலைகிறார்கள்.

எந்தக் கேமுக்கு எவ்வளவு சைக்கிள்ஸ் வைப்பது?

டாஸ்பாக்ஸை அப்படியே விட்டால் சைக்கிள்ஸ் "ஆட்டோ" என்று இருக்கும். ரியல் மோட் (பிராசஸரின் பழைய, எளிய நிலை) கேம் என்றால் 3000-இல் நிற்கும். புரொடெக்டட் மோட் (அதிக மெமரியைப் பயன்படுத்தும் பிந்தைய நிலை) கேம் என்றால் கம்ப்யூட்டரால் முடிந்த உச்சத்துக்குப் போகும். தொல்லை இந்த இரண்டு முனைகளிலும் இருக்கிறது.

1992-இல் வந்த வுல்ஃபென்ஸ்டைன் 3டி ரியல் மோட் கேம். ஆட்டோவில் அதற்கு 3000 மட்டுமே கிடைக்கும். அது பழைய 286 கம்ப்யூட்டரின் வேகம். கதவு திறக்கும் சத்தமும் துப்பாக்கிச் சத்தமும் இழுபடும், படமும் நகர்ந்து நகர்ந்து வரும். 10000-க்கு மேல் கொண்டுபோனால் உயிர் வந்துவிடும்.

1993-இன் டூம் புரொடெக்டட் மோட். ஆட்டோவில் உச்ச வேகத்துக்குப் போய்விடும். நல்ல கம்ப்யூட்டரில் தெரியாது. பழைய லேப்டாப்பில் பின்னணியில் ஆன்டிவைரஸ் தலை தூக்கும்போதெல்லாம் சத்தம் அறுபடும். இதை 25000 அளவில் நிறுத்தி வையுங்கள். 486 டிஎக்ஸ்2 66 வேகத்துக்கு அது சுமாராகச் சமம், அந்தக் காலத்தில் டூம் நன்றாக ஓடிய கம்ப்யூட்டரும் அதுதான். 1996-இல் வந்த டியூக் நியூக்கெம் 3டிக்கு 60000-இல் ஆரம்பித்துப் பாருங்கள். அதிலேயே பெரிய ரெசொல்யூஷன் வைத்தால் இன்னும் நிறைய சைக்கிள்ஸ் தேவைப்படும்.

டேவுக்கு 3000 தாராளம்.

இந்த எண்கள் தொடக்கப் புள்ளிகள். உங்கள் காதுதான் கடைசி முடிவு. என் கருத்து, எந்தக் கேமாக இருந்தாலும் "மேக்ஸ்" வேண்டாம். தேவையான அளவுக்கு ஓர் எண்ணை "ஃபிக்ஸ்டு" என்று நிலையாக வைப்பதே நல்லது. மேக்ஸ்தான் வேண்டும் என்று பிடிவாதம் இருந்தால் "மேக்ஸ் 80 சதவீதம்" என்று கொடுங்கள். விண்டோஸ் தன் வேலையைப் பார்க்கக் கொஞ்சம் இடம் மிஞ்சும்.

ஏற்றிய எண் அடுத்த முறை திறந்தால் பழையபடி ஆகிவிடுகிறதே?

பட்டனால் மாற்றுவது அந்த நேரத்துக்கு மட்டும். நிலையாக இருக்க செட்டிங் ஃபைலில் எழுத வேண்டும். விண்டோஸில் ஸ்டார்ட் மெனுவில் டாஸ்பாக்ஸ் ஃபோல்டருக்குள் "ஆப்ஷன்ஸ்" என்று ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் நோட்பேடில் ஃபைல் திறக்கும். லினக்ஸில் உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் புள்ளியுடன் தொடங்கும் டாஸ்பாக்ஸ் என்ற மறைந்த ஃபோல்டரில் இருக்கும். அதில் சிபியு பிரிவைத் தேடி, சைக்கிள்ஸ் வரியில் சமக்குறிக்குப் பின்னால் "ஃபிக்ஸ்டு", ஓர் இடைவெளி, எண் என்று எழுதிச் சேமியுங்கள்.

காசு கொடுத்து ஜிஓஜி தளத்தில் வாங்கிய கேம் என்றால் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். அந்தக் கேம் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு டாஸ்பாக்ஸையும் தனி செட்டிங் ஃபைலையும் கேம் ஃபோல்டருக்குள்ளேயே வைத்திருக்கும். பொது ஃபைலில் நீங்கள் என்ன எழுதினாலும் அது கண்டுகொள்ளாது. கேம் ஃபோல்டரில் இருக்கும் ஃபைலைத்தான் திருத்த வேண்டும்.

சைக்கிள்ஸ் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் நடுநடுவே "டக்" என்று ஒரு வெட்டு வருகிறது. மிக்சரில் என்ன மாற்றுவது?

இப்போது மிக்சருக்கு வரலாம். அங்கே முக்கியமாக மூன்று வரிகள்: ரேட், பிளாக்சைஸ், ப்ரீபஃபர். 0.74-3 பதிப்பில் இவை 44100, 1024, 25 என்று இருக்கும்.

ரேட் என்பது ஒரு செகண்டுக்கு எத்தனை ஒலி மாதிரிகள் என்பது. பிளாக்சைஸ், ஒரே தடவையில் விண்டோஸுக்குக் கொடுக்கும் மாதிரிகளின் எண்ணிக்கை. 1024-ஐ 44100-ஆல் வகுத்தால் சுமார் 23 மில்லிசெகண்ட் வரும். அந்த 23-க்குள் டாஸ்பாக்ஸ் எங்காவது தடுக்கி நின்றால் வெட்டு விழும். 2048 வைத்தால் 46 மில்லிசெகண்ட், 4096 வைத்தால் 93 என்று அவகாசம் கூடும். ப்ரீபஃபர், எத்தனை மில்லிசெகண்ட் சத்தத்தை முன்கூட்டியே சேர்த்து வைப்பது என்பது.

முதலில் பிளாக்சைஸை 2048 ஆக்குங்கள், ப்ரீபஃபரை 50 ஆக்குங்கள். பெரும்பாலும் இதுவே போதும். அப்புறமும் வெட்டு இருந்தால் 4096-உம் 80-உம் வைத்துப் பாருங்கள். அதற்கு மேல் போனால் துப்பாக்கியைச் சுட்டபிறகு சத்தம் பின்னால் வருவது காதுக்கே தெரியும். சதுரங்கம் மாதிரி நிதானமான கேமில் பரவாயில்லை, சண்டைக் கேமில் எரிச்சல்தான்.

இந்த பஃபர் வீட்டு மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி மாதிரி. மோட்டார் நடுவில் ஐந்து நிமிடம் நின்றாலும் தொட்டி சமாளிக்கும். ஆனால் நாள் முழுக்க மோட்டார் ஏற்றுவதைவிடக் குழாயில் அதிகம் போய்க்கொண்டிருந்தால் எவ்வளவு பெரிய தொட்டி கட்டினாலும் காலியாகத்தான் செய்யும். சைக்கிள்ஸ் கோளாறை பஃபரால் ஏன் மூட முடியாது என்பதற்கு இதுதான் காரணம்.

மிகப் பழைய கம்ப்யூட்டர் என்றால் ரேட்டை 22050 ஆக்கினால் பாரம் கொஞ்சம் குறையும். அந்தக் காலக் கேம்களின் குண்டுச் சத்தங்கள் பலவும் அதைவிடக் குறைந்த தரத்தில் பதிவானவைதான், பெரிதாக இழப்பு தெரியாது.

"டமால்" என்று ஒரு சத்தம் வந்து, அதன் ஆரம்பமே திரும்பத் திரும்பக் கேட்கிறது. பிறகு மௌனம். சில சமயம் கேமே நின்றுவிடுகிறது.

இது வேறு நோய். இதற்கு வேகத்தோடு சம்பந்தம் இல்லை. மேலே சொன்ன "அடுத்தது கொடு" சைகை கேமுக்குப் போய்ச் சேரவில்லை. சைகை எந்தக் கம்பி வழியாக வரும் என்பதற்கு ஐஆர்க்யூ என்று ஓர் எண் உண்டு. டாஸ்பாக்ஸ் 7-ஆம் எண்ணில் சைகை கொடுக்கிறது, கேம் 5-ஆம் எண்ணில் காத்திருக்கிறது. வந்த முதல் துண்டே சுற்றிச் சுற்றி ஓடும்.

கேம் ஃபோல்டரில் செட்டப் அல்லது சவுண்ட் செட்டப் என்று ஒரு புரோகிராம் இருக்கும். அதை டாஸ்பாக்ஸுக்குள்ளிருந்து ஓட்டுங்கள். கார்டு சவுண்ட் பிளாஸ்டர் 16, முகவரி 220, ஐஆர்க்யூ 7, டிஎம்ஏ 1, ஹை டிஎம்ஏ 5 என்று கொடுங்கள். டாஸ்பாக்ஸின் சொந்த எண்கள் இவைதான். பழைய கம்ப்யூட்டரிலிருந்து அப்படியே காப்பி செய்து கொண்டுவந்த கேம் ஃபோல்டர்களில் இந்தக் கோளாறு அதிகம், ஏனென்றால் அந்தக் கம்ப்யூட்டரின் எண்கள் உள்ளே பதிந்து கிடக்கும்.

சவுண்ட் பிளாஸ்டர் 16 என்ற பெயரே பட்டியலில் இல்லாத கேமும் உண்டு. அந்தக் கார்டு வந்ததே 1992-இல். அதற்கு முந்தைய கேமில் வெறும் சவுண்ட் பிளாஸ்டர், இல்லையென்றால் ஆட்லிப் (அதைவிடப் பழைய சவுண்ட் கார்டு) தேர்ந்தெடுங்கள்.

பாட்டு அருமையாக ஓடுகிறது, துப்பாக்கிச் சத்தம் மட்டும் கரகரக்கிறது. ஏன்?

இது நல்ல துப்பு. கேமில் இசைக்கு ஜெனரல் மிடி தேர்ந்தெடுத்திருப்பீர்கள். மிடி இசை டாஸ்பாக்ஸின் மிக்சர் வழியாகப் போவதில்லை. எந்த ஸ்வரம், எந்த வாத்தியம் என்ற குறிப்பு மட்டும் விண்டோஸுக்குப் போக, விண்டோஸ் வாசிக்கிறது. அதனால் மிக்சர் தடுக்கினாலும் பாட்டு தப்பித்துவிடும். பிளாக்சைஸையும் ப்ரீபஃபரையும் கூட்டுங்கள்.

மாறாக, பாட்டின் தாளமே இழுபட்டு நடை தளர்ந்து வந்தால் பெரும்பாலும் சைக்கிள்ஸ் போதவில்லை.

விட்டு விட்டு வராமல், சத்தம் பெரிதாகும்போது மட்டும் கிழிந்து கேட்டால் அது திக்கல் இல்லை, அளவு மீறல். டாஸ்பாக்ஸில் மிக்சர் என்ற கட்டளை இருக்கிறது. அதில் எஸ்பி என்ற சேனலை 60-க்கு இறக்கிப் பாருங்கள்.

காலையில் நன்றாக ஓடிய கேம் மத்தியானம் திக்குகிறது. ஒரு செட்டிங்கையும் தொடவில்லையே?

வேலூரில் ஏப்ரல், மே மாதங்களில் இந்தக் கேள்வி வராமல் இருப்பதில்லை. அக்னி நட்சத்திரத்தில் நம் ஊர் 40 டிகிரியைத் தாண்டும். மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறையில், மின்விசிறிக் காற்றே சூடாக வரும்போது, லேப்டாப்பின் குட்டி ஃபேன் இழுப்பதும் அதே சூட்டுக் காற்றைத்தான். பிராசஸர் 100 டிகிரியை நெருங்கினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். யூடியூப் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது. டாஸ்பாக்ஸ் ஒரு கோரை முழுக்க நம்பி ஓடுவதால் உடனே காதில் விழும்.

அடையாளம் எளிது. திறந்த முதல் பத்து நிமிடம் சுத்தமாக இருக்கும், ஃபேன் சத்தம் ஏற ஏறத் திக்கல் தொடங்கும். இதற்கு முதல் மருந்து மேக்ஸை விட்டு நிலையான எண்ணுக்கு வருவது. மேக்ஸில் பிராசஸர் எப்போதும் உச்சத்தில் ஓடித் தானே சூட்டைக் கிளப்புகிறது. தேவை 25000 என்றால் அவ்வளவுக்கு மட்டும் உழைத்தால் போதுமே. லேப்டாப்பை மெத்தையில் வைக்காமல் மேஜையில் வையுங்கள், பின்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள். வாங்கிப் பல வருடம் ஆகியிருந்தால் ஃபேனில் தூசி அடைத்திருக்கும், பிராசஸர் மேல் இருக்கும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். சர்வீஸில் கொடுத்து இரண்டையும் பாருங்கள். கேமுக்காக இல்லாவிட்டாலும் லேப்டாப்பின் ஆயுளுக்கு நல்லது.

கரண்ட் போனதும் சத்தம் உடைய ஆரம்பிக்கிறது.

லேப்டாப் பேட்டரிக்கு மாறியதும் விண்டோஸ் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கப் பிராசஸரை அடக்குகிறது. விண்டோஸின் பவர் செட்டிங்கில் பவர் மோடை "பெஸ்ட் பர்ஃபாமன்ஸ்" பக்கம் வையுங்கள், அல்லது சார்ஜரை இன்வெர்ட்டர் லைனில் சொருகுங்கள்.

அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் ஓடுமா?

ஓடும். 2011-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வந்த லேப்டாப்கள் பல வீடுகளில் மூலையில் கிடக்கின்றன. இந்தக் கேம்களுக்கு அவை நல்ல துணை. டேவ், பிரின்ஸ், வுல்ஃபென்ஸ்டைன் எல்லாம் தாராளமாக ஓடும். டூமை நிலையான எண்ணில் வைத்தால் அதுவும் ஓடும். டியூக் நியூக்கெம் மாதிரி கனமானவற்றில்தான் பார்த்துப் பார்த்துக் குறைக்க வேண்டும்.

இப்படிப்பட்ட கம்ப்யூட்டரில் இன்னொரு இடத்தையும் கவனியுங்கள். ரெண்டர் பிரிவில் ஸ்கேலர் என்ற வரி இருக்கும். யாரோ சொன்னார்கள் என்று அதில் படத்தை வழவழப்பாக்கும் ஹெச்க்யூ வகை எதையாவது போட்டிருந்தால் நிறைய வேகத்தை அது தின்றுவிடும். "நன்" அல்லது "நார்மல் 2 எக்ஸ்" போதும். எஸ்டிஎல் பிரிவில் அவுட்புட் வரியை ஓப்பன்ஜிஎல் ஆக்கினால் படத்தைப் பெரிதாக்கும் வேலை கிராஃபிக்ஸ் சிப்புக்குப் போய்விடும். அப்படியும் திக்கினால் கண்ட்ரோலுடன் எஃப் 8 அழுத்தி ஒரு ஃபிரேமைத் தாண்ட விடுங்கள். படம் சற்றுக் குதிக்கும், சத்தம் தேறும்.

ப்ளூடூத் ஹெட்போனில் சத்தம் தாமதமாக வருகிறது.

ப்ளூடூத்தின் இயல்பு அது. டாஸ்பாக்ஸில் எதை மாற்றினாலும் போகாது. ஹெட்போனின் மைக் வேலை செய்யும் நிலையில் இருந்தால் தரமும் சேர்ந்து குறையும். கம்பி ஹெட்போன் போடுங்கள்.

டேவில் வரும் சத்தமே கரடுமுரடாக இருக்கிறதே, இதுவும் கோளாறா?

இல்லை. 1990-இல் டாஸுக்கு வந்த டேஞ்சரஸ் டேவ், கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருக்கும் பிசி ஸ்பீக்கருக்காக எழுதப்பட்டது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஸ்வரம், ஒலி அளவில் ஏற்ற இறக்கம் கிடையாது. கோப்பையை எடுக்கும்போது வரும் அந்தக் கீச்சுச் சத்தம் அப்படித்தான் இருக்க வேண்டும். அதைச் சரி செய்யப் போகாதீர்கள். அந்தச் சத்தம்தான் டேவ்.

சைக்கிள்ஸ் ஏற்றியதும் கேம் "ரன்டைம் எரர் 200" என்று நின்றுவிட்டது. இன்னொரு கேமில் சவுண்ட் கார்டே இல்லை என்கிறது.

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். டர்போ பாஸ்கலில் எழுதிய பழைய புரோகிராம்கள் திறந்தவுடன் பிராசஸரின் வேகத்தை அளந்து பார்க்கும். எழுதியவர்கள் கனவிலும் நினைக்காத வேகம் என்றால் கணக்கு உடைந்து 200-ஆம் பிழை வரும். அதேபோல் சில கேம்கள் ஆட்லிப் சிப்பைத் தட்டிப் பார்த்து, குறிப்பிட்ட நேரம் காத்திருந்து பதிலைக் கேட்கும். வேகம் அதிகமானால் அந்தக் காத்திருப்பு சுருங்கி, பதில் வருவதற்குள் "கார்டு இல்லை" என்று முடிவு கட்டிவிடும். குறைந்த சைக்கிள்ஸில் கேமைத் திறந்து, உள்ளே போனபிறகு கண்ட்ரோலும் எஃப் 12-உம் அழுத்தி ஏற்றுங்கள்.

சிடியில் இருக்கும் கேம். பாட்டு மாறும்போதெல்லாம் கேம் உறைந்து நிற்கிறது.

சிடி டிரைவ் சுழல ஆரம்பிக்கும் நேரம்தான் அந்த உறைவு. சிடியை ஹார்ட் டிஸ்க்கில் இமேஜாக (முழு நகல் ஃபைலாக) எடுத்து இமேஜ் மவுன்ட் கட்டளையால் இணையுங்கள். எடுக்கும்போது ஐஎஸ்ஓ வேண்டாம், கியூ மற்றும் பின் என்று இரண்டு ஃபைலாக எடுங்கள். ஐஎஸ்ஓவில் டேட்டா மட்டும்தான் வரும், ஆடியோ ட்ராக்குகள் விடுபட்டுவிடும்.

ரோட் ரேஷ் டாஸ்பாக்ஸில் ஓடவே மாட்டேன் என்கிறது.

நம் ஊர் பிரவுசிங் சென்டர்களில் எல்லோரும் ஓட்டிய அந்த ரோட் ரேஷ் 1996-இல் விண்டோஸ் 95-க்காக வந்தது. அது டாஸ் கேமே இல்லை. டாஸ்பாக்ஸில் நேரத்தை வீணாக்காதீர்கள்.

மரியோ, கான்ட்ரா ஓட்டும் எமுலேட்டரிலும் (பழைய கேம் பெட்டியைக் கம்ப்யூட்டரில் உருவாக்கிக் காட்டும் மென்பொருள்) இதே திக்கல் வருகிறது. அங்கே சைக்கிள்ஸ் இல்லையே?

அங்கே காரணம் திரை. அமெரிக்க, ஜப்பானிய வகை நின்டெண்டோ பெட்டி ஒரு செகண்டுக்கு 60.1 படம் காட்டும், உங்கள் மானிட்டர் 60 காட்டும். அந்தச் சின்ன வித்தியாசம் சேர்ந்து சேர்ந்து, சில செகண்டுகளுக்கு ஒருமுறை ஒரு வெட்டாக விழும். நல்ல எமுலேட்டர்கள் சத்தத்தின் வேகத்தைக் காதுக்குத் தெரியாத அளவு இழுத்துச் சமன் செய்யும். ரெட்ரோஆர்க்கில் டைனமிக் ரேட் கண்ட்ரோல் என்று அது இருக்கிறது, அணைத்திருந்தால் போட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு ஆடியோ லேட்டன்சியை (சத்தத்துக்குக் கொடுக்கும் அவகாசம்) கொஞ்சம் ஏற்றலாம்.

டாஸ்பாக்ஸ் இல்லாமல் வேறு வழி இருக்கிறதா?

சில கேம்களுக்கு இருக்கிறது, இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். டூமின் மூல நிரல் 1997-இல் வெளியானது. அதிலிருந்து இன்றைய விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் நேரடியாக ஓடும் வடிவங்கள் வந்துவிட்டன. சாக்லேட் டூம் பழைய உணர்வை அப்படியே வைத்திருக்கிறது. டியூக் நியூக்கெம் 3டியின் நிரல் 2003-இல் வந்தது. மவுஸால் கிளிக் செய்து விளையாடும் கதைக் கேம்களுக்கு ஸ்கம்விஎம் இருக்கிறது. இவற்றில் போலிப் பிராசஸர் இல்லாததால் சைக்கிள்ஸ் தொல்லையும் இல்லை.

டாஸ்பாக்ஸே வேண்டும் என்றால் அதன் கிளையான டாஸ்பாக்ஸ் ஸ்டேஜிங்கைப் போட்டுப் பாருங்கள். இன்னும் தொடர்ந்து வளர்க்கிறார்கள். மிடி வாசிக்கும் மென்பொருளும் உள்ளேயே இருக்கிறது. செட்டிங் பெயர்கள் சில மாறியிருக்கும், பழைய ஃபைலை அப்படியே தூக்கிப் போடாதீர்கள்.

ஒரு கேமுக்குச் சரி செய்தால் இன்னொன்று கெட்டுப்போகிறது. என்ன செய்வது?

கேமுக்கு ஒரு செட்டிங் ஃபைல் வையுங்கள். பொது ஃபைலைக் காப்பி எடுத்து, கேமின் பெயரை வைத்து, அந்தக் கேம் ஃபோல்டரிலேயே போடுங்கள். அதில் சைக்கிள்ஸையும் மிக்சரையும் அந்தக் கேமுக்கு ஏற்ற மாதிரி எழுதுங்கள். ஃபைலின் கடைசியில் ஆட்டோஎக்ஸெக் என்ற பிரிவு இருக்கும். ஃபோல்டரை மவுன்ட் செய்வது, அதற்குள் போவது, கேமைத் திறப்பது என்று நீங்கள் தினமும் தட்டும் வரிகளை அங்கே வரிசையாக எழுதுங்கள். பிறகு டெஸ்க்டாப்பில் டாஸ்பாக்ஸுக்கு ஒரு ஷார்ட்கட் எடுத்து, அதன் டார்கெட் வரியின் முடிவில் ஓர் இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடும் "கான்ஃப்" என்ற சொல்லும், அதன்பின் உங்கள் ஃபைலின் முழுப் பாதையை மேற்கோள் குறிக்குள்ளும் போடுங்கள். டூமுக்கு ஒரு ஐகான், வுல்ஃபென்ஸ்டைனுக்கு ஒரு ஐகான் என்று ஆகிவிடும். பிள்ளைகளே அழுத்தித் திறந்துகொள்வார்கள், ஒன்றின் எண் இன்னொன்றில் போய் விழாது.